யாரை அனுப்பினால் வேலை நிற்காதோ, அவரை அனுப்பு

மத்தியச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதமான தம்பி ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். அகாடமிகள் இருக்கின்றன, பயிற்சிக் கொள்கை இருக்கிறது, இப்போது கர்மயோகி என்ற அரசு ஊழியர் பயிற்சித் திட்டம் வேறு வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் அலுவலகத்தில் வேலை நடக்கிற விதம் ஏன் மாறவில்லை, அரசு ஊழியரைப் பயிற்றுவிப்பதில் அப்படி என்னதான் சிக்கல் என்பது முதல் கேள்வி. அவருக்கு ஒரு பயிற்சிக்குப் பெயர் வந்திருக்கிறது, போகலாமா தள்ளிப்போடலாமா என்பது இரண்டாவது. மத்திய அரசில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு ஆண்டு ஒரு பயிற்சி நிறுவனத்தில். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முதல் கேள்விக்குப் பதில் நீளம், இரண்டாவதற்குச் சின்னது. நீளமானதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிக்கல் வகுப்பறைக்குள் இல்லை, தம்பி. யார் வகுப்புக்கு வருகிறார் என்பதிலும், வகுப்பு முடிந்து அவர் எந்த நாற்காலிக்குத் திரும்புகிறார் என்பதிலும்தான் இருக்கிறது. வகுப்பை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இந்த இரண்டும் பயிற்சி நிறுவனத்தின் கையில் கிடையாது.

பெயர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பயிற்சி நிறுவனத்திலிருந்து சர்க்குலர் வரும்: பொது நிதி விதிகள் பற்றி ஐந்து நாள் பயிற்சி, தகுதியானவர்களைப் பரிந்துரைக்கவும். அது அமைச்சகத்தில் மேசை மேசையாக இறங்கி, கடைசித் தேதிக்கு முந்தின நாள் மாலை பிரிவுக்கு வந்து சேரும். பிரிவில் ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர். ஒருவர் பட்ஜெட் பார்க்கிறவர், விட முடியாது. ஒருவர் நாடாளுமன்றக் கேள்விகள் பார்க்கிறவர், கூட்டத்தொடர் நடக்கிறது. மூன்றாமவரிடம் கோர்ட் கேஸ்கள். மிஞ்சுகிறவர் யாரோ அவர் பெயர் போகும். பொது நிதி விதிகளை அன்றாடம் புரட்ட வேண்டிய ஆள் அந்தப் பட்ஜெட்காரர்தான்; அவரோ ஓய்வு பெறும்வரை அந்த வகுப்புக்கு வரப்போவதில்லை. என் வகுப்புகளுக்கு ஒருவர் இரண்டு ஆண்டில் நான்கு முறை வந்தார். நான்கும் வெவ்வேறு தலைப்பு, ஒன்றுகூட அவர் பார்க்கிற வேலை இல்லை. தங்கமான மனிதர். மூன்றாம் முறை என்ன ஏது என்று கேட்டதற்கு, "உங்க கேன்டீன்ல டீ நல்லா இருக்கு சார்" என்று சிரித்தார்.

இதில் பிரிவு அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2021 மார்ச் கணக்குப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40 லட்சத்துக்குச் சற்று மேல்; அவற்றில் 9.79 லட்சம் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நான்கில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும் அலுவலகத்தில் இன்னொருவரை ஐந்து நாள் ரிலீவ் செய்வது என்றால் அவருடைய ஃபைல்களை யார் பார்ப்பது? திரும்பி வரும்போது மேசையில் குவிந்திருப்பதும் அவருக்குத்தான். அதனால் கெட்டிக்காரர்களே கூட "என்னை விட்டுடுங்க சார்" என்று நழுவுவார்கள்.

சரி, பணம் இல்லையா என்றால், காகிதத்தில் தாராளமாகவே இருக்கிறது. 2012இல் திருத்திய தேசியப் பயிற்சிக் கொள்கை, ஒவ்வோர் அமைச்சகமும் தன் சம்பள பட்ஜெட்டில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்த அளவுக்கு ஒதுக்கி முழுதாகச் செலவும் செய்த துறையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. நிதியாண்டு முடியப்போகிற நேரத்தில், பிப்ரவரி மாதம் திடீரென்று "ஏதாவது புரோகிராம் நடத்த முடியுமா" என்று போன் வரும், அவ்வளவுதான்.

நம் ஊரில் அரசுப் பயிற்சி என்றதும் எல்லோருக்கும் முசோரிதான் நினைவுக்கு வருகிறது. டெல்லி மெட்காஃப் ஹவுஸில் இருந்த ஐ.ஏ.எஸ். பயிற்சிப் பள்ளியையும் சிம்லாவில் இருந்த ஸ்டாஃப் காலேஜையும் சேர்த்து, 1959இல் முசோரியின் பழைய சார்லவில் ஓட்டல் கட்டடத்தில் தொடங்கினார்கள். லால் பகதூர் சாஸ்திரியின் பெயர் 1972இல் வந்தது. அங்கே நடக்கிற பயிற்சியில் என்னைக் கேட்டால் மிகச் சிறந்த பகுதி முசோரியிலேயே நடப்பதில்லை. அது நடுவில் வருகிற ஓராண்டு மாவட்டப் பயிற்சி. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இளம் அதிகாரி உதவி ஆட்சியர் (பயிற்சி) என்ற பெயரில் ஏதோ ஒரு மாவட்டத்துக்கு வருவார். வருவாய்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தியில் உட்காருவார். பட்டா மாறுதல் மனு ஒன்றைப் படித்துவிட்டு, பத்திரம் சரியாக இருக்கிறதே, ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். பக்கத்தில் நிற்கிற வருவாய் ஆய்வாளர், "சார், புலப்படத்தை எடுத்துப் பாருங்க. இந்த சர்வே நம்பர் இன்னும் உட்பிரிவே ஆகல. இதுல யாருக்குன்னு பட்டா குடுப்பீங்க?" என்பார். இந்த ஒரு நிமிடத்தில் அவர் கற்றது பத்து ஸ்லைடில் வராது. அப்புறம் அவர் மறுபடி முசோரிக்குப் போகும்போது கையில் கேள்விகளோடு போகிறார். படிப்பு, வேலை, மறுபடி படிப்பு என்ற அந்த அடுக்குதான் அதன் பலம்.

ஆனால் இந்தப் பாக்கியம் எத்தனை பேருக்கு? ஐ.ஏ.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 பேரைத் தேர்வு செய்கிறார்கள். மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் 30 லட்சம். அதில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் சி பிரிவு. பொதுமக்கள் வாழ்நாளில் பார்க்கிற மத்திய அரசு முகம் இவர்களுடையதுதான்: அஞ்சல் கவுன்ட்டர், ரயில் முன்பதிவு, பாஸ்போர்ட் அலுவலகம். இவர்களுக்கும் பயிற்சி உண்டு, ஆனால் பெரும்பாலும் சேரும்போது ஒரு முறை, பதவி உயர்வில் ஒரு முறை.

கிராமத்துக் கிளை அஞ்சலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே இருப்பவருக்குத் தபால், மணியார்டர், சிறுசேமிப்புப் புத்தகம் தெரிந்தால் போதும். 2018 செப்டம்பரில் அஞ்சல்துறை வங்கி நாடு முழுக்கத் தொடங்கியபின் அதே ஆள் கையடக்கக் கருவியில் விரல்ரேகை வாங்கிப் பணம் கொடுக்கிறார், கணக்குத் தொடங்குகிறார், காப்பீடு விற்கிறார். கிராம டாக் சேவக் என்று பெயர் கொண்ட இவர் முழுநேர அரசு ஊழியர்கூட இல்லை. நாளைக்குச் சில மணி நேர வேலை. மதுரையில் அஞ்சல் பயிற்சி மையம் இருக்கிறது, ஆனால் நாடு முழுக்க இருக்கும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராம ஊழியர்களை எந்த மையத்தில் உட்காரவைப்பது? அதற்காகத்தான் 2022 ஜூனில் டாக் கர்மயோகி என்ற இணையதளம் கொண்டுவந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் விரல்ரேகை பதியாத எண்பது வயதுப் பாட்டி எதிரே நிற்கும்போது என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தருவது வீடியோ இல்லை, பக்கத்து ஊர் போஸ்ட்மாஸ்டர்தான். அந்தப் போஸ்ட்மாஸ்டர் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது, ஒரு படியும் கிடையாது.

பெரிய கர்மயோகிக்கு வருகிறேன். 2020 செப்டம்பர் 2 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்றைய அரசு அறிவிப்புப்படி சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஐந்தாண்டில் 510.86 கோடி ரூபாய். தொகை பெரிதாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்து 1,110 ரூபாய்தான். நான் அதைக் கேலி செய்யவில்லை. அதன் அடிப்படை யோசனை சரியானது: விதியை ஒப்பிக்கச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, இந்த நாற்காலியில் இருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும், அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்து அதைக் கற்றுக்கொடுப்பது. இதற்காகத் திறன் மேம்பாட்டு ஆணையம் ஒன்றை 2021இல் அமைத்தார்கள். ஆக, ஒவ்வொரு பதவிக்கும் அதன் வேலைகளைப் பட்டியல் போட வேண்டும். அங்கேதான் கதை மாறியது. அமைச்சகங்கள் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை யாரிடம் கொடுத்தன என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும், யாரிடம் நேரம் இருந்ததோ அவரிடம். பழைய பணிப் பங்கீட்டு ஆணையை எடுத்துப் புது வடிவத்தில் தட்டச்சு செய்து அனுப்பிய பிரிவுகளை நான் கண்ணால் பார்த்தேன்.

கர்மயோகியின் இணையவழிப் பாடங்கள் இருக்கும் ஐகாட் தளத்தில் ஒரு பாடம் முடிந்தால் சான்றிதழ் வரும். 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் என்று ஒன்று நடந்தது. ஆளுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் படிக்க வேண்டும் என்று இலக்கு. பழைய நண்பர் ஒருவரைப் பார்க்க அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக ஆறு மேசை. ஆறிலும் போன்கள் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைக்கப்பட்டு, சத்தம் இல்லாமல், மன அழுத்த மேலாண்மை பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் நடுவில் நடுவில் போனைத் தட்டுவார், திரை அணைந்துவிடாமல் இருக்க. மாலைக்குள் அந்தப் பிரிவு நூறு சதவீதம் தேர்ச்சி. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையோடு இந்தப் பாடங்களை இணைப்பதும் இப்போது தொடங்கிவிட்டது. இனி ஏழாவது மேசையிலும் போன் சாயும். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

ஊக்கம் கொடுத்தால் நம்மவர் படிக்கமாட்டார்கள் என்று இல்லை. மத்திய அரசில் மிகவும் வெற்றிகரமான பயிற்சி எது என்று என்னைக் கேட்டால், கொஞ்சம் சிரிப்பாக இருக்கும், இந்தி வகுப்பு என்பேன். பிரபோத், பிரவீண், பிராக்ஞ் என்று படிப்படியாக வைத்து, பிராக்ஞ் தேறினால் பன்னிரண்டு மாதத்துக்கு ஓர் ஊதிய உயர்வுக்குச் சமமான தனி ஊதியம் தருகிறார்கள். அதிக மதிப்பெண் எடுத்தால் ரொக்கப் பரிசு தனி. அலுவல் மொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று 1976ஆம் ஆண்டு விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் டெல்லியில் இருந்த நம் ஆட்கள், இந்தி பற்றி என்ன கருத்து வைத்திருந்தாலும், விழுந்து விழுந்து படித்துத் தேறினார்கள். ஏன்? எதற்குப் படிக்கிறோம், தேறினால் கையில் என்ன வரும் என்பது முதல் நாளே தெரியும். கொள்முதல் விதியைக் கரைத்துக் குடித்தவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்குக் கிடைப்பது இன்னும் மூன்று பேருடைய கொள்முதல் ஃபைல்கள்.

இது புது ஞானமும் இல்லை. 1812இல் சென்னையில் கம்பெனி அரசு புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது, எல்லிஸ் துரை என்ற கம்பெனி அதிகாரி முன்னின்று. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் சிவிலியன்கள் தமிழோ தெலுங்கோ படித்துத் தேர்வில் தேற வேண்டும். தேறத் தேறப் படி கூடும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இல் எழுதியதும் அந்தக் கல்லூரியின் பாடவேலைக்கு நடுவிலிருந்து வந்ததுதான். அவர்கள் நோக்கம் வரி வசூல், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாளை உட்காரப்போகும் நாற்காலிக்கு இன்று என்ன தெரிய வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

பயிற்றுநர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும், நானே அந்தச் சாதி என்பதால். எனக்குப் பயிற்சி நிறுவனத்துக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, என் பிரிவில் இருந்த மூத்த எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், ஏதாவது பிரச்சினையா? விஜிலென்ஸா?" என்று கேட்டார். பயிற்சி நிறுவனம் என்றால் ஒதுக்கப்பட்டவர்கள் போகும் இடம் என்பதுதான் பொதுப் பேச்சு. மத்தியப் பயிற்சி நிறுவனங்களில் பாடம் எடுப்பவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 24 சதவீதம்வரை பயிற்சிப்படி தருகிறார்கள். அப்படியும் விரும்பி வருகிறவர் குறைவு. படியை விட, டெபுடேஷன் முடிந்து போகும்போது அமைச்சகத்தில் நம்மை மறந்திருப்பார்கள் என்ற பயம் பெரிது. வந்தவர்களிலும் சிலருக்கு ஐந்தாண்டில் அலுவலக வேலையோடு தொடர்பே விட்டுப்போகும். குடும்ப ஓய்வூதியம் என்றால் பழைய 1972ஆம் ஆண்டு விதிகளில் 54ஆவது விதி. 2021 டிசம்பரில் புது விதிகள் வந்து அது 50ஆவது விதி ஆகிவிட்டது. புது விதி வந்து ஓராண்டுக்குப் பிறகும் 54 என்று அச்சிட்ட கையேடுகள் எங்கள் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன, அவற்றை வகுப்பில் கொடுத்துக்கொண்டும் இருந்தோம். அதில் ஒரு கையேடு நான் எழுதியது.

அந்தக் குடும்ப ஓய்வூதிய வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் மீதிச் சிக்கல் தானே விளங்கும். 32 பேர், எல்லோரும் உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்தவர்கள். மதியம் மூன்று மணி, பாதிப் பேருக்குக் கண் சொருகுகிற நேரம். பெயர்களை மாற்றி ஓர் உண்மை ஃபைலைக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற ஊழியர் இறந்துவிட்டார், மனைவி விண்ணப்பிக்கிறார். மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்: ஒருமுறை திருமணத்துக்குச் சான்று, ஒருமுறை குடும்ப உறுப்பினர் விவரம், ஒருமுறை கூட்டுப் புகைப்படம். ஏழு மாதம் ஓடிவிட்டது. அடுத்த குறிப்பை எழுதுங்கள் என்றேன். 32 பேரில் 20 பேருக்கு மேல் நான்காவதாக ஏதாவது ஒரு காகிதம் கேட்டு எழுதினார்கள். இறப்புச் சான்று அசல் வேண்டும் என்றார் ஒருவர், அசல் ஃபைலிலேயே இருந்தது. பின்வரிசையில் ஒரு கேரளத்துப் பெண் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "சார், குடும்ப விவரப் படிவத்தை அவர் வேலையில் இருந்தபோதே கொடுத்திருப்பாரே. ஓய்வு பெறும்போது கூட்டுப் புகைப்படமும் கொடுத்திருப்பார். நம்மிடம் இருப்பதை அந்த அம்மாவிடம் ஏன் கேட்கிறோம்?" என்றாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மீதி நேரம் நான் பேசவே இல்லை, அவர்களே பேசினார்கள். என் ஆறு ஆண்டில் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அது.

நான்கைந்து மாதம் கழித்து அவளை சாஸ்திரி பவன் வாசலில் பார்த்தேன். எப்படிப் போகிறது என்றேன். பிரிவில் முதல் வாரமே ஒரு ஃபைலில், ஆவணம் நம் பதிவேட்டிலேயே இருக்கிறது, விண்ணப்பதாரரிடம் கேட்கத் தேவையில்லை என்று குறிப்பு எழுதியிருக்கிறாள். மேலே இருந்தவர் கூப்பிட்டு, "நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் நீ வந்து பதில் சொல்வாயா? முன்னால் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே எழுது" என்றாராம். இப்போது அப்படியே எழுதுகிறாளாம். அவரும் கெட்டவர் இல்லை. காகிதம் கேட்டுத் தாமதமானதற்கு அவர்மேல் ஒருபோதும் நடவடிக்கை வராது, கேட்காமல் விட்டதற்கு வரலாம். நாங்கள் அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தோம், அவளுடைய மேலதிகாரிக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும், ஆடிட்டுக்குக் கொடுக்கவில்லை. பயிற்சி முடியும் நாளில் நாங்கள் வாங்கிய கருத்துப் படிவத்தில் அந்த வகுப்புக்கு ஐந்துக்கு 4.8 வந்திருந்தது. சாப்பாட்டுக்கும் ஏறக்குறைய அதுதான். கற்றது வேலையில் இறங்கியதா என்று ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்க எங்களுக்கு ஆளும் இல்லை, அப்படிப் பார்க்கச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

மேல் மட்டத்தில் இதே கதை மாற்றல் உருவத்தில் வரும். 2007 முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குப் பணியின் நடுவே மூன்று கட்டப் பயிற்சி வைத்தார்கள். நகர்ப்புறக் குடிநீர் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர் கால்நடைத் துறைக்குப் போவார். அமைச்சரவைச் செயலாளர்வரை உயர்ந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் சொன்னது. அடுத்த ஜனவரியில் இரண்டாண்டு என்று விதி வந்தது. விதியிலேயே அதற்குமுன் மாற்றுவதற்கான வழியும் இருக்கிறது. வழி இருந்தால் நடப்பார்கள்.

இரண்டாவது கேள்வி. போங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஜனவரி தாண்டினால் பட்ஜெட் வேலை, உங்கள் பிரிவு அலுவலர் விடமாட்டார். இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். போகும்போது உங்கள் மேசையில் மாதக்கணக்காக நகராமல் இருக்கும் மூன்று ஃபைல்களின் கதையை, பெயரெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக எழுதி எடுத்துப்போங்கள். ஸ்லைடு ஓடும்போது அல்ல, டீ இடைவேளையில் பயிற்றுநரைப் பிடித்து, இதை நீங்களாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். அவர் மழுப்பினால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேளுங்கள். வேறு அமைச்சகத்தில் அதே ஃபைலை நகர்த்திய ஆள் நிச்சயம் ஒருவராவது இருப்பார். அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கையேட்டில் விதி எண் பார்த்தால், எந்த ஆண்டு அச்சு என்று முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.